ஏட்டில் இல்லாதது எல்லாம் நடக்காததா?

ஒரு காரியம் நடந்தது என்பதை எதைக் கொண்டு அறிகிறோம்? தத்துவ நூலில் வாசிக்கும்போது இது மாணவர்களுக்கு வைத்த பயிற்சிக் கேள்விபோல இருக்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மம்பா தொடங்கி ரந்தாவ், சிலியாவ், லாபு, லுக்குட் என்று பரந்து கிடந்த தோட்டப்புறத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவருக்கோ அது முதல் பக்கத்திலேயே வழிமறிக்கும் கேள்வி. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் ஓடத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் முதலில் காப்பி, பிறகு ரப்பர், அதன் பின் செம்பனை என்று பயிர்கள் மாறின. இன்று செண்டாயான் பக்கம் போனால் வீடமைப்புப் பகுதிகளே கண்ணில் படுகின்றன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிபட்டன, காலையில் ஆள் கூட்டிய பெரட்டுக் களங்களின் மேல் தார் விழுந்தது. தமிழ்ப் பள்ளிகள் மட்டும் தோட்டம் என்று பொருள்படும் ‘லாடாங்’ என்ற சொல்லைப் பெயரில் விடாமல் வைத்திருக்கின்றன. இங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி இருவகைச் செய்திகள் கிடைக்கின்றன: அரசாங்கமும் கம்பெனியும் எழுதி வைத்தவை, பெரியவர்கள் சொல்பவை. இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் சிக்கல் இல்லை. பெரியவர்கள் சொல்வது ஏட்டில் காணப்படாதபோது வரலாற்றாசிரியர் ‘ஆதாரம் இல்லை’ என்கிறார். ஊர் ‘எங்களுக்குத் தெரியும்’ என்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: ஊரின் பேச்சுக்கு நிரூபணம் கேட்பது போலவே ஏட்டின் மௌனத்துக்கும் நிரூபணம் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பதற்கான படிக்கற்கள் நம் தத்துவ மரபிலேயே இருக்கின்றன.

முதலில் ஏட்டைப் பார்ப்போம். தோட்டத்து ஆபீசில் அன்றாடம் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு செக்ரோல். விடியுமுன் பெரட்டில் ஆளை நிறுத்தி எழுத்தரான கிராணி பேர் போட்டார். எண், பெயர், மாதத்தின் நாள்களுக்கான கட்டங்கள், கடைசியில் சம்பளமும் பிடித்தமும்; அவ்வளவுதான் அதன் அமைப்பு. முழு நாளா, அரை நாளா, வரவில்லையா என்பது கட்டத்துக்குள் ஒரு குறியோடு முடிந்துவிடும். ஒரே தோட்டத்தில் நாலு முனியம்மாவும் ஐந்து பெருமாளும் இருந்தால் அவர்களைப் பிரித்துக் காட்டுவது எண்தான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த ஆள் அன்று வேலைக்கு வரவில்லை என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். காய்ச்சலில் கிடந்தாளா, பிள்ளை பெற்றாளா, அடிபட்டுப் படுத்திருந்தாளா என்று கேட்டால் செக்ரோல் வாய் திறக்காது. கூலிக் கணக்கு பார்ப்பதற்காகப் போட்ட ஏட்டிடம் துக்கத்தின் கணக்கைக் கேட்டுப் பயனில்லை. தொழில் இலாகாவின் ஆண்டறிக்கைகளும் கம்பெனிகளின் அறிக்கைகளும் அதே குணம் உடையவைதாம். ஆள் எத்தனை, சாவு ஆயிரத்துக்கு எத்தனை, ஓடிப்போனவர் எத்தனை என்று அவை கவனமாகச் சொல்லும். 1910இல் சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) முறை முடிவுக்கு வந்ததையும், 1938இல் இந்திய அரசு கூலியாள்கள் உதவித்தொகையில் கப்பலேறுவதை நிறுத்தியதையும் அவற்றிலிருந்து துல்லியமாக எழுதிவிடலாம். அந்த நிறுத்தத்தைப் பற்றி லயத்துக் குசினியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத முடியாது.

நல்லெண்ணம் உள்ளவர் எழுதினால் இந்தக் குறை தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி தமிழர். நாவன்மைக்கும் நேர்மைக்கும் பெயர் பெற்றவர். 1937இல் வெளியான அவருடைய அறிக்கை, உதவித்தொகைக் குடியேற்றத்தைத் தடுக்கக் காரணம் இல்லை என்று முடித்தது. மலாயா இந்தியத் தலைவர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். மறு ஆண்டே அந்தக் குடியேற்றம் நின்றது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்துத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சாஸ்திரி பொய் எழுதினார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அரசாங்க விருந்தாளியாக வந்து போகிறவர் முன்னால், தோட்ட மேலாளரான துரையின் கண்பார்வையில் நிற்கிற பால்வெட்டுத் தொழிலாளி எவ்வளவு பேசியிருப்பான் என்று கேட்டால் போதும். எழுதியவர் நல்லவரா என்பது ஒரு கேள்வி. அவருக்குத் தெரிய வழி இருந்ததா என்பது வேறு கேள்வி. வரலாற்றில் இந்த இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இந்த இடத்தில் நம் முன்னோர் அளவை என்று அழைத்த துறை கைகொடுக்கிறது. அறிவு எந்தெந்த வழிகளில் பிறக்கிறது, எந்த வழி எப்போது பிழைபடும் என்பதை ஆராய்வது அது. மணிமேகலை வஞ்சி நகரத்தில் சமயவாதிகளைச் சந்திக்கும் காதை, வியாதன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று கொண்ட அளவைகளை வரிசைப்படுத்துகிறது. நேரே காண்பது, கண்டதைக் கொண்டு கருதுவது, நூலுரை ஆகியவற்றோடு ஐதிகம், அபாவம் என்ற இரண்டும் அந்தப் பட்டியலில் வருகின்றன. சொன்னவர் யாரென்று தெரியாமல் ஊரில் வழிவழியாக வரும் செய்தி ஐதிகம். அந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊரார் சொல்வதை நம்புவதைத்தான் காப்பியமே அதற்கு எடுத்துக்காட்டாக வைக்கிறது. ஓரிடத்தில் ஒன்று இல்லை என்று அறிவது அபாவம். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருந்தாலும் ஒரு விஷயத்தில் தர்க்க நூலோர் கவனமாகவே இருந்தார்கள். இல்லாமையை அறிவதற்கு அவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்து ‘குடம் இல்லை’ என்று சொல்லலாம். இருட்டில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. காணாமை எல்லாம் இல்லாமையின் சான்றாகிவிடாது. காணத் தக்கது காணப்படாதபோதுதான் அது சான்று. வரலாற்று ஆய்வுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விதியைத் தோட்டப்புறத்துக்கு மிக நெருங்கிய ஒரு பேரழிவில் வைத்துப் பார்க்கலாம். ஜப்பானியர் ஆட்சியில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறக்குறைய 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள்; அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். ஆசியர் சாவு ஒட்டுமொத்தமாகச் சுமார் 90,000 இருக்கும் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. அதைவிடக் கூட்டியும் குறைத்தும் சொல்பவர்கள் உண்டு. ஒரே காடு, ஒரே காலரா, ஒரே பசி. ஆனாலும் கைதிகளின் சாவைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் பெயர் இருக்கிறது, தொழிலாளர் சாவைப் பற்றிப் பேசும்போது மதிப்பீடுதான் இருக்கிறது.

வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கவனித்தால் மௌனத்தின் மர்மம் விலகிவிடும். போர்க் கைதி ஒரு ராணுவத்தின் ஆள். அவனுக்கு எண் உண்டு, படைப்பிரிவு உண்டு, செத்தால் தெரிவிக்க வேண்டிய உறவினரின் விலாசம் உண்டு. முகாமில் இருந்த அதிகாரிகள் சாவுப் பட்டியலை ரகசியமாக எழுதி, காவலர் கண்ணில் படாமல் புட்டிகளிலும் தகரங்களிலும் இட்டுப் புதைகுழிகளில் மறைத்து வைத்தார்கள். போர் முடிந்ததும் 1945இல் ஒரு குழு பாதை நெடுகப் பயணம் செய்து, 144 இடுகாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர், பெரும்பாலோர் ஆளுக்கொரு பெயர்ப் பலகையோடு, கிடக்கிறார்கள். தோட்டத்திலிருந்து போனவருக்கு இந்த ஏற்பாடு எதுவுமே இல்லை. அவர் செக்ரோலில் ஓர் எண். தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளோடு அந்த எண்ணும் முடிந்தது. ஆள் போன இடத்தில் அவர் பெயரைக் கேட்டு எழுத எவருக்கும் கடமை இருக்கவில்லை. ஆகவே கைதிகளின் பட்டியலில் ஒருவர் பெயர் காணப்படவில்லை என்றால் அந்த இல்லாமைக்குப் பொருள் உண்டு. அது வெளிச்சத்தில் பார்த்த தரை. தொழிலாளர் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை என்பதற்குப் பொருளே இல்லை. அங்கே விளக்கே ஏற்றப்படவில்லை. பாதை முடிந்த பிறகு 1944இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் ரயில் பாலத்தருகே ஒரு நினைவுத்தூண் எழுப்பி, பல மொழிகளோடு தமிழிலும் வாசகம் பொறித்தார்கள். செத்தவர்களின் மொழி தெரிந்திருந்தது, பெயர்தான் எழுதப்படவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏடு பேசாத இடத்தில் வாய்ப்பேச்சை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால் எதை வேண்டுமானாலும் வரலாறு என்று சொல்லிவிடலாமே என்பார்கள். நியாயமான அச்சம்தான். அதற்குப் பதில், பேச்சையும் அதே கண்டிப்போடு சோதிப்பது. உரை அளவையைப் பற்றிப் பேசிய நியாய நூல் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் நம்பத் தக்கவருக்கு இலக்கணம் சொன்னார்: விஷயத்தை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்ததை அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் முனிவருக்கும் மேலோருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்தே சொல்லிவிட்டார். பதவியும் படிப்பும் ஒருவரை நம்பத் தக்கவராக்குவதில்லை. பார்த்ததும் மறைக்காததும்தான் ஆக்குகின்றன. இதன்படி, சயாமுக்குப் போன கணவனைப் பற்றி ஒரு மனைவி சொன்னதை மூன்றாகப் பிரிக்க வேண்டும். லாரி வந்த நாளையும், யார் யார் ஏறினார்கள் என்பதையும், எடுத்துப்போன துணிமூட்டையையும் அவள் பார்த்தாள். இந்தப் பகுதியில் அவள் துரையைவிடவும் தொழில் இலாகாவைவிடவும் மேலான சாட்சி. சயாமில் அவன் எந்த முகாமில் எப்படிச் செத்தான் என்பதைத் திரும்பி வந்தவர் சொல்லக் கேட்டாள். அந்தப் பகுதியில் அவள் வழியாக இன்னொருவர் பேசுகிறார். அவர் யாரென்று கேட்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் போனார்கள் என்று அவள் சொன்னால், அது எண்ணிப் பார்த்த கணக்கா, துக்கத்தின் அளவா என்று பார்க்க வேண்டும். ஒரே வாயிலிருந்து வந்ததற்காக மூன்றையும் ஏற்பதும் தவறு, மூன்றையும் தள்ளுவதும் தவறு.

இலவசமாகப் படம் காட்டுவதாகச் சொல்லிக் கொட்டகைக் கதவை அடைத்து ஆள்களைப் பிடித்துப் போனார்கள் என்ற செய்தி மலாயாவின் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. பல ஊரில் சொல்லப்படுவதாலேயே அது உண்மை என்றோ, ஒரே மாதிரி இருப்பதாலேயே கட்டுக்கதை என்றோ முடிவு கட்ட முடியாது. ஒரு சாட்சி இன்னொரு சாட்சியிடம் கேட்டுச் சொன்னாரா, தனித்தனியாகச் சொன்னார்களா என்பதுதான் தேட வேண்டியது. கொட்டகையின் பெயர், படத்தின் பெயர், தப்பித்தவரின் பெயர் என்று விவரங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டால் செய்தி வலுப்பெறும். எல்லா ஊரிலும் ஒரே வாக்கியம் மட்டும் திரும்பி வந்தால் அதை ஐதிகத்தின் தட்டில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்ன’த்தையும் எழுதிய பிறகு இந்தக் கவனம் இன்னும் தேவையாகிவிட்டது. நாவலைப் படித்தவர் சொல்வதில் நாவலும் கலந்திருக்கும். ஏட்டில் எழுதப்படாத சாவுகளுக்கு முதலில் இடம் கொடுத்தது நம் நாவல்கள்தாம் என்பது அவற்றின் பெருமை. அதற்காக நாவலைச் சாட்சியாக்கினால் நாவலுக்கும் நீதி கிடைக்காது, வரலாற்றுக்கும் கிடைக்காது.

நினைவு தவறும் என்பது உண்மை. தவறும்போதும் அது ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. இத்தாலியின் தெர்னி நகரத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்ற இளம் எஃகுத் தொழிலாளி 1949 மார்ச்சில் போலீசாரோடு நடந்த மோதலில் இறந்தார். நேட்டோவில் சேர்வதை எதிர்த்த ஊர்வலம் அது. பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அவ்வூர்த் தொழிலாளர்களிடம் கேட்டபோது, பலரும் அந்தச் சாவை 1953இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தில் வைத்துச் சொன்னார்கள். தேதியில் அவர்கள் சொன்னது பிழை; பத்திரிகையும் அரசு ஆவணமும் அதைத் திருத்திவிட்டன. ஆனால் வேலை பறிபோனதே தங்கள் வாழ்வின் பெரிய காயம் என்பதையும், அந்தச் சாவுக்கு அந்தக் காயத்தின் அருகில்தான் அர்த்தம் இருந்தது என்பதையும் அந்தப் பிழையே காட்டிக்கொடுத்தது. என்றைக்கு நடந்தது என்பதற்கு ஏடு சான்று. நடந்தது அவர்களை என்ன செய்தது என்பதற்கு நினைவு சான்று. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் வரலாறு கெடுகிறது.

வேறொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. வரலாறு என்பதே அவரவர் சொல்லும் கதைதான். ஆள்பவனுக்கு ஒரு கதை, ஆளப்பட்டவனுக்கு ஒரு கதை. இதில் சோதனை எதற்கு, எங்கள் கதையை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம் என்பது அது. பள்ளி வரலாற்றுப் பாடநூலில் தோட்டத்துத் தமிழருக்குச் சில பத்திகளே கிடைக்கும் நாட்டில், அதே பாடத்தில் தேறாவிட்டால் 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை என்ற நிலையில், இப்படி ஒரு கோபம் எழுவது இயற்கைதான். ஆனால் இந்த வாதம் கோபப்பட்டவர் கையையே வெட்டும். எல்லாம் கதையென்றால், சயாமில் யாரும் அப்படிச் சாகவில்லை என்று சொல்கிறவனுடையதும் ஒரு கதை. அதை மறுக்க நம்மிடம் என்ன இருக்கும்? பார்வைகள் பல என்று சமணர்கள் சொன்னது, ஒவ்வொரு பார்வையும் பொருளின் ஒரு பக்கத்தைத் தொடுகிறது என்ற பொருளில்தான். தொடுவதற்குப் பொருள் ஒன்று இருக்கிறது என்பதை அவர்கள் கைவிடவில்லை. இறந்தவர்களுக்கு நாம் கேட்கும் நீதி, அவர்கள் உண்மையிலேயே இறந்தார்கள் என்பதன் மேல்தான் நிற்கிறது.

அபாவ விதி ஊரின் நினைவுக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளும்போதுதான் நம் நேர்மை சோதனைக்கு வருகிறது. ஏடு எழுதாமல் விட்டதைப் போல நாமும் பேசாமல் விட்டவை உண்டு. ஆள்கட்டி வந்த கங்காணி நம்மவர். அவருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கிடைத்த தலைக்காசு நம்மவர் உழைப்பிலிருந்துதான் வந்தது. லயத்திலும் சாதி பார்த்து வீடு கொடுத்தார்கள். சயாமுக்கு யார் போவது என்ற பட்டியலைப் போட்ட கைகளில் தமிழ்க் கிராணிகளின் கையும் இருந்தது. பெண்கள் மேல் நடந்த வன்முறையைப் பற்றிக் குடும்பங்கள் வாயே திறந்ததில்லை. பெரியவர்கள் இதைச் சொல்லவில்லை என்பதால் இது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. சொல்ல இடமும் தைரியமும் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்களா என்று கேட்க வேண்டும். துரையின் ஏட்டில் உள்ள இருட்டைக் காட்டிவிட்டு நம் நினைவில் உள்ள இருட்டை மறைத்தால், வரலாற்றாசிரியர் என்ற பெயருக்கு நாம் தகுதியில்லை.

கோயில் விஷயத்தில் இந்தச் சோதனை இன்னும் நெருடலானது. தோட்டத்து மாரியம்மனும் முனீஸ்வரரும் எப்படி வந்தார்கள் என்பதற்கு ஊர்தோறும் ஒரு வரலாறு சொல்வார்கள். மரத்தடியில் கல்லாக வெளிப்பட்டதாக, கனவில் வந்து இடம் கேட்டதாக, ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கனவில் அம்மன் வந்தது உண்மையா என்று வரலாற்றாசிரியர் கேட்க வேண்டியதில்லை. அது பக்தருக்கும் அம்மனுக்கும் உள்ள விவகாரம். அருளுக்குத் தேதி தேவையில்லை. ஆனால் ‘இக்கோயில் 150 ஆண்டு பழமையானது’ என்று பலகையில் எழுதும் நிமிடத்திலேயே நாம் பக்தியின் எல்லையைத் தாண்டி ஏட்டின் எல்லைக்குள் கால் வைத்துவிடுகிறோம். தோட்டம் கைமாறி, நிலத்துக்குப் புது உரிமையாளர் வந்து, கோயிலை அகற்றச் சொல்லும்போது அந்தத் தேதி வழக்குமன்றத்தில் பேச வேண்டியிருக்கிறது. இங்கே அபாவ விதி நமக்கு எதிராகவும் வேலை செய்யும். கட்டடங்களையும் குறிக்கும் நில அளவை வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அந்த இடத்தில் கோயில் இல்லை என்றால் அந்த இல்லாமைக்கு எடை உண்டு. கூரையில்லாத மரத்தடிக் கல்லை அளவையாளர் குறித்திருக்கமாட்டார் என்று சொன்னால் அதுவும் நியாயமான பதில். ஆனால் அதை வாதமாக எடுத்து வைக்க வேண்டும், பலகையில் ஆண்டைக் கூட்டி எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. கூட்டிச் சொன்ன ஐம்பது ஆண்டு பொய் என்று வெளிப்பட்டால், உண்மையான நூறு ஆண்டும் அதோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

இவ்வளவு சோதனை எதற்கு, இறந்தவர்களுக்குத் திதி கொடுத்தால் போதாதா என்று சமய உணர்வுள்ளவர் கேட்கலாம். வள்ளுவர் இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களைச் சொல்லும்போது தென்புலத்தாரைத்தான் முதலில் வைத்தார். அந்தக் கடன் சடங்கோடு தீர்வதாக நம் மரபு கருதவில்லை என்பதற்கு நடுகல்லே சாட்சி. தொல்காப்பியம் கல்லைத் தேர்வதில் தொடங்கி நட்டு வாழ்த்துவதுவரை அதற்கு முறை வகுத்தது. நட்ட கல்லில் வீரனுடைய பெயரையும் அவன் செய்ததையும் பொறித்தார்கள் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. பெயர் தெரிய வேண்டும், என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும்; அதன் பிறகுதான் வழிபாடு. 2023இல் காஞ்சனபுரியில் சயாம் ரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் நாட்டப்பட்டது. பல்லாயிரம் பேருக்கு ஒரே கல். தனித்தனிப் பெயர்களைப் பொறிக்க நம்மிடம் பட்டியல் இல்லை. அந்தப் பட்டியலைத் தேடித் தொகுப்பது ஆராய்ச்சி வேலை என்று ஒதுக்கிவிடக் கூடியதில்லை. நடுகல் மரபின்படி பார்த்தால் அது பிதிர்க்கடனின் பாதி.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாமல் அலையும் இந்தியர்கள் இந்த நாட்டில் இன்னமும் இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தார்கள், அங்கேயே வளர்ந்தார்கள். பிறப்பை யாரும் பதியவில்லை. பதிவு இல்லாததால் அந்த ஆளே இல்லாதவர்போல நடத்தப்படுகிறார்கள். ஏட்டில் இல்லாததை நடக்காததாகக் கொள்ளும் அதே பிழைதான் இங்கே ஒரு மனிதரின் பள்ளிப்படிப்பையும் வேலையையும் திருமணப் பதிவையும் தடுக்கிறது. அளவை என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே மம்பாவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் செய்ய வேண்டிய வேலை தெளிவாகவே இருக்கிறது. தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயரோடு தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும். செக்ரோல் தராத உறவை அவை தரும். கோயில் திருவிழா வரவுசெலவு நோட்டுகளில் எந்த லயம் எவ்வளவு கொடுத்தது என்று இருக்கும். பழைய தொழிற்சங்கச் சந்தாப் புத்தகங்கள் எங்காவது அலமாரியில் கிடக்கும். தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்த பி.பி. நாராயணன் தம் பணியைத் தொடங்கியது இந்த மாநிலத்தில்தான். இந்த ஏடுகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் படமெடுத்து வையுங்கள். பெரியவர்களிடம் கேட்கும்போது ‘நீங்கள் பார்த்ததா, கேட்டதா, யாரிடம் கேட்டது’ என்ற மூன்று கேள்விகளை விடாமல் கேட்டு, பதிலைப் பிரித்துப் பிரித்து எழுதுங்கள். தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுங்கள். ஆண்டைக் கூட்டாதீர்கள், நம்மவர் செய்த தவறைக் குறைக்காதீர்கள். சயாமுக்குப் போனவர்களை அனுப்பி வைத்த தலைமுறையில் பேசக் கூடியவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் பேச்சை இன்று எழுதாமல் விட்டால், நாளைய வரலாற்றில் இருக்கப்போகும் மௌனத்துக்குத் துரையைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இருக்காது.